அரிசியை விட்டேன், சர்க்கரை என்னை விடவில்லை

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 49. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். தை மாதம் ரத்தப் பரிசோதனை செய்ததில் மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 7.9 வந்தது. டாக்டர் காலையில் மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1, இரவில் மெட்ஃபார்மின் 500 கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து நான் அரிசியைத் தொடவே இல்லை. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் நான்கு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. இரவு பத்து மணிக்குக் கடையிலிருந்து வந்து மறுபடி சப்பாத்தி. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன். விடிகாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அதில் இருபது நிமிடம் கூழாங்கல்லில் வெறுங்காலோடு எட்டு நடை. சில நாட்கள் பதினொன்றரை மணிவாக்கில் கை நடுங்கி வேர்க்கும், நான்கு பிஸ்கட் சாப்பிட்டால் சரியாகிவிடும். இவ்வளவு செய்தும் இந்த மாதம் 7.8 தான். வெறும் வயிற்றில் 138, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 232. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை இயல்பாக இருக்கிறது. அரிசியை ஆயுசுக்கும் விடத்தான் வேண்டுமா? ஒழுங்காக இருந்தால் மாத்திரையை நிறுத்த முடியுமா? என் தம்பிக்கும் இப்போது 6.1 வந்திருக்கிறது, அவனுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது. பதினொன்றரை மணிக்குக் கை நடுக்கம், வேர்வை, பிஸ்கட் சாப்பிட்டால் சரியாகிறது. அரிசி, சப்பாத்தி, மாத்திரை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைப் பேசுவோம், ஏனென்றால் உங்கள் 7.8-க்கான விடையில் பாதி அந்த வரியிலேயே இருப்பதாக நினைக்கிறேன்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. அது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று அது பார்க்காது, தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நீங்களோ ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து, நாட்டுச் சர்க்கரை போட்ட கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். கஞ்சி சீக்கிரம் ஜீரணமாகி, சர்க்கரையை மடமடவென்று ஏற்றிவிட்டு முடிந்துவிடும். மாத்திரை முடியாது. பதினொன்றரைக்குக் கை நடுங்குவது அதனால்தான் என்று சந்தேகப்படுகிறேன்.

சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். சர்க்கரை ரொம்ப நாள் உயரத்தில் இருந்து பழகிய உடம்பு, 110-க்கு இறங்கினால்கூட நடுங்கிக் காட்டும். அதனால் ஊகம் வேண்டாம், சோதித்துவிடுங்கள். சுகர் பார்க்கிற மிஷினைக் கடை மேசை இழுப்பறையில் வையுங்கள். அடுத்த முறை நடுக்கம் வந்ததும் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரைதான். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். ஆமாம், வெள்ளைச் சர்க்கரையேதான். அந்த நேரத்தில் அது மருந்து. பிஸ்கட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். தலை சுற்றி நிற்க முடியாத நிலையில் மிஷினைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் சர்க்கரைத் தண்ணீர். பக்கத்து மேசைக்காரர் ஒருவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அப்புறம் அந்த எண்ணை எழுதிக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். நான் உணவு ஆலோசகர். மாத்திரையின் அளவை மாற்றுவது அவருடைய வேலை. நான் கீழே சொல்லப் போகிற மாற்றங்களைத் தொடங்கும் முன்னே அவரைப் பார்ப்பது முக்கியம். மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு, நடையையும் கூட்டிக்கொண்டு, அதே கிளிமிபிரைடை அதே அளவில் விழுங்கினால் நடுக்கம் இன்னும் கூடத்தான் செய்யும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். அரிசியை விட்டும் ஏன் இறங்கவில்லை?

நீங்கள் விட்டது அரிசியின் பெயரைத்தான். வீட்டில் தராசு இருந்தால் நாளைக்கு உங்கள் வீட்டம்மா மாவு பிசையும்போது ஒரு சப்பாத்திக்கான உருண்டையில் எவ்வளவு மாவு போகிறது என்று நிறுத்துப் பாருங்கள். நம் வீடுகளில் சுடும் சாதாரண அளவு சப்பாத்திக்குச் சுமார் 30 கிராம் கோதுமை மாவு ஆகும். அதில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. நான்கு சப்பாத்திக்கு 80 கிராம். வடித்த சாதத்தில் நூறு கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து இருக்கும். கணக்குப் பார்ப்பவர் நீங்கள், வகுத்துப் பாருங்கள். நான்கு சப்பாத்தி என்பது சுமார் 280 கிராம் சாதம், அதாவது 150 கிராம் கொள்ளும் கிண்ணத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிண்ணம். போதாக்குறைக்கு உருளைக்கிழங்கு குருமா வேறு. அதுவும் மாவுச்சத்துதான், காய்கறிக் கணக்கில் சேராது. சாதத்தைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு வேறு உருவத்தில் அதையே திரும்ப வைத்திருக்கிறீர்கள்.

கோதுமையில் நார்ச்சத்து அரிசியைவிடக் கூடுதல்தான், மறுக்கவில்லை. அதனால் கிடைக்கும் லாபம், அளவைக் குறைக்காதவரை, பெரிதாக ஒன்றும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. ஒரு லட்சத்து 21 ஆயிரம் பேரின் சாப்பாட்டைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பது ஒரு முடிவு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றிவிட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் இருந்தால் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் ஆபத்து குறைவாக இருந்தது. அதற்கு மொத்தக் கலோரியில் வெறும் 5 சதவீதம் மாற்றினால் போதும். நான்கு மாதமாக நீங்கள் எதில் உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்பது இந்த ஒரு முடிவில் தெரிகிறது அல்லவா?

இதில் உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே ஒரு அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்து நீட்டுவேன். காலை ஓட்ஸ், மதியம் சப்பாத்தி, மாலை கிரீன் டீ என்று இருக்கும். பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி அதைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, இதுல நம்மூட்டுல ஆக்கறது ஒண்ணுகூட இல்லியே" என்றார். அடுத்த மாதம் வந்தபோது அந்தத் தாளில்தான் வெற்றிலையை மடித்துக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கே அந்தத் தாளை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பாட்டி வீட்டில் ஆக்கியது என்ன தெரியுமா? கொள்ளுக் கடைசல், பச்சைப்பயறு, தட்டப்பயறுக் குழம்பு, கீரை. உங்கள் ஊர்ச் சமையலில் பயறு வகைக்குப் பஞ்சமே இல்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு உருளைக்கிழங்கு குருமாவைப் பிடித்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே சாதத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஆயுசுக்கும் விட வேண்டியதில்லை. மதியம் ஒரு கிண்ணம், வடித்த பிறகு 120 முதல் 150 கிராம், அதற்கு மேல் வேண்டாம். புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடக் கொஞ்சம் மேல். சப்பாத்திதான் பிடிக்கிறது என்றால் இரண்டு. ஆனால் இரண்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து அல்ல. அதோடு ஒரு கிண்ணம் கெட்டியான கடைசல் அல்லது பயறுக் குழம்பு, இரண்டு கரண்டி இல்லை, ஒரு கிண்ணம். சாதத்தின் அளவுக்குக் குறையாமல் இரண்டு வகைக் காய். புடலை, பீர்க்கன், அவரை, வெண்டை, முட்டைக்கோஸ், சுரை, எதுவானாலும் சரி. முட்டை, மீன் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சேர்க்கலாம். உங்களுக்குக் கிரியாட்டினின் இயல்பாக இருப்பதால் புரதத்தைக் கூட்டச் சொல்கிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் கிண்ணத்தை நிரப்ப வேண்டாம்.

அரிசிம்பருப்புச் சாதம் இல்லாமல் ஈரோட்டுக்காரரால் இருக்க முடியாது என்பதும் தெரியும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு என்று போடுவதை, முக்கால் டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு என்று மாற்றிப் பாருங்கள். கொஞ்சம் குழைவாக வரும், ருசி கெடாது. பக்கத்தில் அப்பளத்துக்குப் பதில் வெங்காயத் தயிர்ப்பச்சடி.

இனி, எதை முதலில் சாப்பிடுவது என்பது. இதை நம்ப மாட்டீர்கள், ஆனால் நானே பலருக்குச் செய்து பார்த்துச் சொல்கிறேன். அதே சாப்பாடு, அதே அளவு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, சாதத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுகிற வேகம் குறைகிறது. நாரும் புரதமும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வதால் வயிறு மெதுவாகக் காலியாகிறது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் பொரியல், கூட்டு, பச்சடி எல்லாம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சாதம் வரட்டும் என்று காத்திருப்போம். அந்தக் காத்திருக்கிற நேரத்தில் பாதிக் காயைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அவ்வளவுதான் சங்கதி. சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் மீதி வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

காலைக் கஞ்சியைப் பற்றி. கேழ்வரகு நல்ல தானியம். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் அதெல்லாம் கிடையாது. ஆனால் அதை நைசாக அரைத்து, தண்ணீராகக் காய்ச்சி, இனிப்புப் போட்டு டம்ளரில் இரண்டு நிமிடத்தில் குடித்தால், தானியத்தின் நல்ல குணம் பாதி அரவை மில்லிலேயே போய்விடுகிறது. அதே கேழ்வரகைக் களியாகக் கிண்டி, ஒரு சின்ன உருண்டை, கொள்ளுக் கடைசலோ கீரையோ நிறைய ஊற்றிச் சாப்பிடுங்கள். காலையில் களியா என்று தயங்கினால் இரண்டு முட்டையும் ஒரு தோசையும் சாப்பிடலாம், அல்லது பாசிப்பயறு தோசை இரண்டு. முக்கியம், கடைக்குக் கிளம்புமுன் மென்று சாப்பிடுகிற சாப்பாடு ஒன்று வயிற்றுக்குள் போக வேண்டும். மாத்திரையோடு வெறும் கஞ்சி போதாது.

நாட்டுச் சர்க்கரை விஷயத்தில் உங்கள் மனதைப் புண்படுத்தாமல் சொல்ல வழி தெரியவில்லை. கவுந்தப்பாடி உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே? பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை, அதன் மணத்துக்கும் ருசிக்கும் நான் எதிரி இல்லை. ஆனால் உங்கள் ரத்தத்துக்கு அதுவும் கரும்பு, வெள்ளையும் கரும்பு. இரண்டிலும் பெரும்பகுதி ஒரே பொருள்தான். பழுப்பில் கொஞ்சம் தாதுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அந்த ஒரு ஸ்பூனில் கிடைக்கிற இரும்புச் சத்துக்காக அதைச் சாப்பிட வேண்டியதில்லை. கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு, எல்லாம் இதே கட்சி. வெள்ளையை நிறுத்திவிட்டோம் என்ற தெம்பில் இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். டீயில் இனிப்பை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். ஐந்து மணி டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை. உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?

இப்போது நடை. விடிகாலை ஒரு மணி நேர நடையை நான் கைதட்டி வரவேற்கிறேன், நிறுத்தவே வேண்டாம். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது, இன்சுலின் உடம்பில் நன்றாக வேலை செய்யவும் உதவும். ஆனால் உங்கள் நாளைப் பாருங்கள். ஆறரை மணிக்கு நடை முடிந்தது. பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதரை வரை. சர்க்கரை உச்சத்துக்கு ஏறுவது மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும். அந்த இரண்டு வேளையும் உங்கள் தொடைத் தசை தூங்கிக்கொண்டிருக்கிறது.

தசையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்கிற கிடங்கு அதுதான். சாதாரணமாக இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் அது திறக்கும். நீரிழிவு வந்தவர்களுக்கு எவ்வளவு தட்டினாலும் அரைக்கதவுதான் திறக்கும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, அதாவது நடக்கும்போது, படி ஏறும்போது, இன்சுலின் தட்டாமலேயே இன்னொரு கதவு திறக்கிறது. சர்க்கரை வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து அந்தக் கதவைத் திறந்தால் லாபம்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை வைத்து இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். கொஞ்ச நாள், தினமும் அரை மணி நேரம் எப்போது வேண்டுமானாலும் நடக்கச் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நாள், அதே அரை மணியை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இரண்டாவது முறையில் 12 சதவீதம் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம் குறைவு. நடந்த மொத்த நேரம் ஒன்றேதான்.

உங்கள் கடை எத்தனை மாடி? ஈரோட்டு ஜவுளிக்கடை என்றால் இரண்டு, மூன்று மாடியாவது இருக்கும். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்காராதீர்கள். கால் மணி நேரத்துக்குள் கிளம்பி, கடைக்குள்ளேயே ஒவ்வொரு மாடியாக ஒரு சுற்று. பத்து நிமிடம் போதும். வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே நடக்கிற அளவு. முதலாளி ஏன் என்று கேட்டால் ஸ்டாக் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். மற்ற நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம். போன் வந்தால் உட்கார்ந்து பேச வேண்டாம், நின்றோ நடந்தோ பேசுங்கள். படி ஏறும்போது நெஞ்சு பிடித்தாலோ, வழக்கத்துக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, அதை வாயுத் தொல்லை என்று தள்ளாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கென்று தனியாக ஐந்து பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம் பத்து, சற்று ஓய்வு, மறுபடி பத்து. மூட்டு வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பது. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி முன்னும் பின்னும் தள்ளுவது. இதைச் செய்வதற்காக வேண்டுமானால் காலை நடையில் கால் மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குறைப்பதற்கு எளிதான கால் மணி நேரம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூழாங்கல் எட்டு நடை. நீரிழிவு வந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும், குறைவது நமக்கே தெரியாது. கல் கிழித்த சின்னக் கீறல் ஒரு வாரம் கழித்துக் காலுறையில் ஈரமாகத்தான் தெரியவரும். அப்படி வந்தவர்களின் கால்களை நான் பார்த்திருக்கிறேன், விவரித்து உங்களைப் பயமுறுத்த மாட்டேன். எட்டு நடக்கத்தான் ஆசை என்றால் சமதரையில், ஷூ போட்டுக்கொண்டு நடங்கள். தினமும் இரவு பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இரவு பத்து மணிச் சாப்பாடு உங்கள் வெறும் வயிற்று 138-க்கு ஒரு காரணமாக இருக்கலாம். பொழுது சாயச் சாய இன்சுலினின் பிடி தளரும். அதே சப்பாத்தி மதியம் ஏற்றுவதைவிட இரவில் கூடுதலாக ஏற்றும். பசியோடு பத்து மணிக்கு உட்கார்ந்து, சாப்பிட்டதும் படுத்துவிடுவது வழக்கம் இல்லையா? கடை சாத்துகிற நேரத்தை மாற்ற முடியாது, சரி. ஏழு மணிக்குக் கடையிலேயே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிடுங்கள். காலையிலேயே வேகவைத்தது இவ்வளவு நேரம் தாங்காது, கெட்டுவிடும் என்றால் வறுத்த கடலை, அவித்த முட்டை என்று மாற்றிக்கொள்ளலாம். பத்து மணிக்கு வீட்டுக்கு வரும்போது பசி பாதிதான் இருக்கும். அப்போது ஒன்றோ இரண்டோ தோசை அல்லது சப்பாத்தி, அதற்கு நிறையக் காய், மோர். பிறகு தெருவில் பத்து நிமிடம். ஒட்டாகோக்காரர்கள் சொன்ன அந்த 22 சதவீதம் இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

இதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. நான்கு மாதமாக இரவு பத்து மணிக்கு அடுப்பு முன்னால் நின்று உங்களுக்கென்று தனியாக மாவு தேய்த்துச் சப்பாத்தி சுடுவது யார்? நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். உங்களுக்குத் தனிச் சமையல் தேவையே இல்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடலாம். தட்டில் எது எவ்வளவு என்பதுதான் வேறு. நோயாளிக்கு என்று தனிப் பாத்திரம் வைத்த வீடுகளில் இந்தப் பழக்கம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து நான் பார்த்ததில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். சுகர் மிஷின் இருக்கிறதே, ஒரு வாரம் நீங்களே சோதித்துப் பாருங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, ஒரு நாள் மதியம் இப்போது சாப்பிடுகிற அதே நான்கு சப்பாத்தி, குருமா. சாப்பிடுமுன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் ஒரு கிண்ணம் சாதம், கடைசல், காய், காய் முதலில், ஆனால் சாப்பிட்டு உட்கார்ந்தே இருங்கள். மூன்றாவது நாள் அதே சாப்பாடு, பின்னால் மாடி நடை. மூன்று வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விரலைக் குத்துமுன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிடுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்துவிட்டு 300 என்று அலறிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. வீட்டில் பார்க்கும் எண் ஆய்வகத்து எண்ணோடு கொஞ்சம் முன்பின் இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே கொண்டு வருவதுதான் நம் இலக்கு.

ஹெச்பிஏ1சி-யை இரண்டு வாரத்தில் திரும்ப எடுத்துவிட்டு ஏமாறாதீர்கள். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. மூன்று மாதம் கழித்து எடுங்கள். அதோடு கண் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் இரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதையும் டாக்டரிடம் கேட்டு அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நிறுத்த முடியுமா? சிலருக்குக் குறைந்திருக்கிறது, சிலருக்கு நின்றும் இருக்கிறது, குறிப்பாக எடையும் இடுப்புச் சுற்றளவும் இறங்கியவர்களுக்கு. உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள், தொப்புளை ஒட்டி டேப் வைத்துப் பாருங்கள். ஜவுளிக்கடையில் டேப்புக்கா குறை? ஆனால் நீங்களாக ஒரு வேளையைத் தவிர்த்துப் பார்ப்பது, ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவது எல்லாம் வேண்டாம். மாத்திரை சாப்பிடுவது தோல்வி என்கிற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெந்தயம், பாகற்காய்ச் சாறு, யாரோ கொடுத்த பொடி என்று கூடவே சேர்த்துக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தம்பிக்கு 6.1 என்றால் அவர் இன்னும் நீரிழிவுக்காரர் இல்லை. 5.7 முதல் 6.4 வரை முன்நிலை. உங்கள் அண்ணன் தம்பி இருவரில் அதிர்ஷ்டசாலி அவர்தான், அதைச் சொல்லுங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் போலப் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாடும் நடமாட்டமும் மாறியவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் கொடுக்கப்பட்டவர்களுக்கு 26.4. இரண்டும் சேர்த்தவர்களுக்கும் அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை. அவருக்கு மாத்திரை இல்லாததால் தாழ்சர்க்கரைப் பயமும் கிடையாது. மேலே சொன்னதை எல்லாம் நாளைக்கே அவர் தொடங்கலாம். இரவு நடைக்கு அவர் பக்கத்தில் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள், தனியாக நடப்பவர்கள் மழை வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரத்துக்கு இரண்டு வேலைதான். பதினொன்றரைக்கு நடுக்கம் வந்தாலும் வராவிட்டாலும் நான்கைந்து நாள் அந்த நேரத்தில் ஒரு பரிசோதனை. அந்த எண்களை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நடுவில் ஒரு நாள் 70-க்குக் கீழே வந்துவிட்டால் வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள். அவர் என்ன சொன்னார், மாத்திரையில் ஏதாவது மாற்றினாரா என்று எனக்கும் எழுதுங்கள். இடுப்பளவையும் சேர்த்து.